எரியாத எரிமலை

சென்னைக்கு வடக்கே, எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது வள்ளூர். அதன் அருகே கொசஸ்தலை ஆறு, எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்கிறது. கழிமுகத்திற்கு அப்பால் கடல், கடலோரத்தில் துறைமுகங்கள். நிலக்கரி ஏற்றி வரும் கப்பல்கள் அங்கே வந்து தங்குகின்றன. அந்நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கும் அனல்மின் நிலையங்கள் இப்பகுதியில் எழுந்துள்ளன. வள்ளூரில் உள்ள நிலையம் 2012 ஆம் ஆண்டுமுதல் ஒவ்வொரு பிரிவாக இயங்கத் தொடங்கியது. அதன் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 1,500 மெகாவாட் மின்சாரம் உண்டாக்கும் திறன் உடையவை. அந்நிலையத்தின் புகைபோக்கிகளை நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். காற்று மிகும் நாள்களில் நுண்ணிய சாம்பல், கொடியில் உலரும் துணிமீதும் வீட்டுத் திண்ணைமீதும் படிவதுண்டு.

இத்தகைய ஊரில் வளரும் சிறுவன் ஒருவன், 'எரிமலை' என்னும் சொல்லை முதன்முதலாகப் படிக்கும்போது அவன் மனக்கண்முன் தோன்றுவது யாது? மலையளவு பெரியதோர் உலை, அதன் உள்ளே ஏதோ ஒன்று ஓயாது எரிகிறது, உச்சியில் உள்ள துளை வழியாகப் புகை வருகிறது, சாம்பல் விழுகிறது. அவன் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. சொல்லே அப்படித்தான் சொல்கிறது. தமிழர் மட்டுமல்லர், உரோமரும் அவ்வாறே கருதினர். அவர்கள் தம் கொல்லர் தெய்வமாகிய வல்கனின் உலைக்களம் மலையின் அடியில் உள்ளது என்று நம்பினர். அத்தெய்வத்தின் பெயரே ஐரோப்பிய மொழிகளில் எரிமலைக்குப் பெயராயிற்று.

ஆயினும் எரிமலையை இயக்குவது நெருப்பன்று. விறகும் நிலக்கரியும் எரிவதுபோல அங்கே ஒன்றும் எரிவதில்லை. வாயினின்று வெளிப்படும் வாயுக்களுள் சில, காற்றுப் பட்டுத் தீப்பற்றுவதுண்டு. அது விளக்குத் திரியின் நுனியில் நிற்கும் சுடர் போன்ற சிறு செய்தி. மலை பொங்குவதற்குக் காரணம் வேறு. அக்காரணத்தை அறிய ஜாவாவுக்கோ இத்தாலிக்கோ செல்ல வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்தில் ஒருபிடி மண்ணைக் குவித்தே ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

வள்ளூர்ச் சிறுவர் மூவர், ஒரு விடுமுறை நாளில் எரிமலை ஒன்று செய்ய முற்பட்டனர் எனக் கொள்வோம். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. மற்றவர் அவளுடைய தம்பியும் பக்கத்து வீட்டுச் சிறுமியும். பாட்டி திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில: பிசைந்த களிமண், ஒரு பழைய தாம்பாளம், வாய் குறுகிய சிறு புட்டி, அடுக்களையிலிருந்து ஆப்ப சோடா, மஞ்சள்தூள், சிறிது சோப்புநீர், கடையில் 'வினிகர்' என விற்கும் புளிக்காடி. காடி கிடைக்காவிடின் எலுமிச்சம்பழச் சாறே போதும்.

"அக்கா, எரிமலையில் சாம்பல்தானே வரும்? சாலையோரத்தில் சாம்பல் குவிந்து கிடக்கிறதே! அதைக் கொண்டே மலையைச் செய்தால் என்ன?" என்கிறான் தம்பி.

"வேண்டா, தம்பி. அதைக் கையால் அளையலாகாது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குத் தீங்கு. களிமண்ணே போதும்" என்று தடுக்கிறாள் தமக்கை. அந்தச் சாம்பலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் உள்ள உறவு சுவையானது. அதைப் பின்னர்க் காண்போம்.

புட்டியைத் தாம்பாளத்தின் நடுவே நிறுத்தி, அதைச் சுற்றிலும் களிமண்ணை அப்புகின்றனர். புட்டியின் வாய் மட்டும் மலையுச்சியில் திறந்திருக்கிறது. ஒரு சிறு கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம் ஆப்ப சோடாவை அதனுள் இட்டு, சிறிது நீரும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் நாலைந்து துளி சோப்புநீரும் சேர்க்கின்றனர். மஞ்சள் நிறம் மாறிச் சற்றுச் செம்மை ஏறுகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அது வியப்பாக இருக்கிறது, பாட்டிக்கு வியப்பில்லை. மஞ்சள்நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆலத்தி சுற்றும் வழக்கம் உடையவள் அவள். காரப்பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்திற்குச் செல்லாமலே தமிழ்நாட்டுப் பெண்டிர் அறிந்திருந்தனர்.

பின்னர்ச் சுமார் 70 மில்லி லிட்டர் காடியைப் புட்டியினுள் ஊற்றுகிறாள் தமக்கை. ஊற்றியவுடன் எல்லோரும் ஓரடி விலகி நிற்றல் வேண்டும். காடி கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும். முகத்தைத் தாழ்த்திப் புட்டிக்குள் எட்டிப் பார்ப்பது தவறு. அடுத்த கணமே உள்ளே சீறல் ஒலி எழுகிறது. நுரை பொங்கி, மலையுச்சியில் தலைகாட்டி, சரிவில் வழிந்து, தாம்பாளத்தை நிரப்புகிறது. செம்மையாக இருந்த குழம்பு, காடி மிகுந்த இடத்தில் மீண்டும் மஞ்சளாகிறது. நுரை அடங்கிய பின் சிறுமி மெல்ல விரலை நீட்டித் தொட்டுப் பார்க்கிறாள்.

"அக்கா, இது சுடவில்லையே! குளிர்கிறதே!"

இந்த ஒரு சொல்லில்தான் பாடம் தொடங்குகிறது.

ஆப்ப சோடாவை வேதியியலார் சோடியம் பைகார்பனேட் என்பர். புளிக்காடியில் உள்ளது அசிட்டிக் அமிலம். இரண்டும் கலக்கும்போது கரியமில வாயுவும் நீரும் சோடியம் அசிட்டேட் என்னும் உப்பும் உண்டாகின்றன. 5 கிராம் சோடா முழுவதும் மாறினால் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளிப்படும். உள்ளங்கையில் அடங்கும் புட்டியில் அவ்வளவு வாயுவுக்கு இடம் ஏது? அது மேலே விரைகிறது. விரையும்போது தன்னைச் சூழ்ந்துள்ள நீரையும் தூக்கிக்கொண்டு வருகிறது. குமிழிகள் உடனே உடைந்துவிடாமல் சோப்பு காக்கிறது. ஆகவே நுரை திரள்கிறது. இந்த இரசாயன வினை வெப்பத்தை வெளியிடாது; சுற்றியுள்ள நீரிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வெப்பமானி ஒன்றை வைத்துப் பார்த்தால் சில பாகைகள் இறங்கக் காணலாம். சிறுமியின் விரல் கண்டதும் அதுவே.

ஆயின், முற்றத்தில் செய்த மலை பொய்தானா? வெப்பத்தைப் பொறுத்தவரை அது பொய்யே. உண்மை எரிமலையின் குழம்பு 700 பாகை முதல் 1,200 பாகை செல்சியஸ் வரை வெப்பம் உடையது. அதனருகே நிற்கவும் இயலாது. ஆனால் மற்றொன்றில் இக்களிமண் மலை மெய்யே சொல்கிறது. குழம்பைக் கீழிருந்து மேலே தூக்கி எறிவது வாயு. அடுக்களைப் புட்டியிலும் அதுதான் நிகழ்கிறது. கடலடியிலிருந்து எழுந்த பெருமலையிலும் அதுதான் நிகழ்கிறது.

இனி உண்மை மலையின் அடிக்குச் செல்வோம். நிலத்தின் மேலோட்டுக்குக் கீழே எங்கும் நெருப்புக்குழம்பு நிறைந்துள்ளது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மேலோட்டின்கீழ் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள பகுதி, பெரும்பாலும் கெட்டியான பாறையே. ஆனால் அப்பாறை மிகுந்த வெப்பம் உடையது. உலகம் தோன்றிய காலத்தில் எஞ்சிய வெப்பமும், பாறைகளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதையும்போது பிறக்கும் வெப்பமும் அங்கே தங்கியுள்ளன. ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறுவதைத் தமிழ்த் தொழிலாளர் பலர் தம் உடம்பாலேயே அறிந்திருந்தனர். வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று உழைத்தோர் அவர்கள். அச்சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையவை. அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டியது. 2001 இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

வெப்பம் மிகுந்தும் பாறை ஏன் உருகுவதில்லை? மேலுள்ள பாறைகளின் பெருஞ்சுமை அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் உருகுவதற்கு இன்னும் மிகுதியான வெப்பம் வேண்டும். இரண்டு வழிகளில் இக்கட்டு தளர்கிறது. பாறை மேலே எழுந்து அழுத்தம் குறைந்தால் உருகலாம். வெளியிலிருந்து நீர் புகுந்தாலும் உருகலாம். நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே இளகும். வங்கக்கடலின் கிழக்குப் பகுதியில் நிகழ்வது இரண்டாவது வகை. அங்கே இந்தியத் தட்டு, அந்தமான் தீவுகளைத் தாங்கும் தட்டின்கீழே மிக மெதுவாகப் புதைந்து செல்கிறது. கடலடியில் ஊறிய பாறை ஆழத்திற்குச் சென்றதும் அதிலுள்ள நீர் பிழியப்பட்டு, மேலுள்ள சூடான பாறையில் கலக்கிறது. அப்பாறை இளகிக் குழம்பாகி மேலெழுகிறது. அவ்வாறு எழுந்த குழம்பு கட்டிய மலையே பாரன் தீவு.

வள்ளூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால், கண்ணுக்கு எட்டாத தொலைவில், 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால் அத்தீவு இருக்கிறது. அந்தமானின் தலைநகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவு. போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகருக்கு 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரிட்டனர். தெற்காசியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலையாகப் பாரன் தீவு குறிக்கப்படுகிறது. தீவின் குறுக்களவு சுமார் 3 கிலோமீட்டர். உயரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர். ஆனால் அதுவே மலை முழுவதும் அன்று. மலையின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்துள்ளது. கடலடியிலிருந்து அளந்தால் 2 கிலோமீட்டருக்கு மேல் நிற்கும். மக்கள் குடியிருப்பு அங்கே இல்லை.

1787 ஆம் ஆண்டு அத்தீவு பொங்கியதைக் கப்பலில் சென்றோர் எழுதி வைத்துள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஃது அடங்கிற்று. பல தலைமுறைகள் கழிந்தன. அவிந்துவிட்டதென்றே பலரும் நினைத்திருக்கக்கூடும். ஆனால் 1991 இல் மீண்டும் பொங்கி, அதன் குழம்பு கடல்வரை வழிந்தோடியது. அதன்பின் 1994, 2005 எனப் பன்முறை எழுந்தது. 2025 செப்டம்பரிலும் சிறு பொங்கல்கள் காணப்பட்டன.

2017 ஜனவரி 23 அன்று, கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அறிஞர்கள் 'சிந்து சங்கல்ப்' என்னும் கப்பலில் அத்தீவின் அருகே கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்தனர். அப்போது மலை திடீரெனச் சாம்பலைக் கக்கியது. அவர்கள் ஒரு மைல் தொலைவிற்கு அணுகி உற்று நோக்கினர். ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொங்கி, அடங்கி, மீண்டும் பொங்கிற்று. பகலில் அவர்கள் கண்டது சாம்பல் முகில் மட்டுமே. கதிரவன் மறைந்த பின்னரே, வாயிலிருந்து செங்குழம்பு பீறிட்டு எழுவதும் சரிவில் வழிவதும் தெரிந்தன. மலை பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும் செய்யவில்லை. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு, வெயிலில் கருமையாகவும் இருளில் செந்தழலாகவும் தோன்றுவதை ஒப்பது இது. இரும்பு அப்போது எரிவதில்லை, வெப்பத்தால் ஒளிர்கிறது. பாறைக்குழம்பும் அவ்வாறே ஒளிர்கிறது. அவ்வொளி மேலெழும் ஆவியிலும் முகிலிலும் பட்டுச் சிவக்கும்போது, தொலைவில் காண்போர்க்கு மலை தீப்பற்றி எரிவதாகவே தோன்றும். 'எரிமலை' என்னும் பெயர் பிறந்ததற்கு இக்காட்சியே காரணமாயிருக்கலாம்.

குழம்பைத் தூக்கும் வாயு யாது என்று பார்ப்போம். அதில் பெரும்பங்கு நீராவி. கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் உடன் இருக்கும். ஆழத்தில் இவை குழம்பில் கரைந்து கிடக்கின்றன. இங்கே ஆப்ப சோடாவைவிடக் கோலிச் சோடா நல்ல உவமை ஆகும். மூடியிருக்கும் கோலிச் சோடாப் புட்டியில் குமிழி ஒன்றும் தெரிவதில்லை. நீர் தெளிந்து நிற்கிறது. கோலியை உள்ளே அழுத்திய உடனே அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த வாயு எங்கும் குமிழிகளாகப் பிறந்து, நீரை வெளியே தள்ளுகிறது. பாறைக்குழம்பும் மேலே ஏற ஏற அதன்மீதுள்ள அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த நீர் ஆவியாகப் பிரிகிறது. ஒரு லிட்டர் நீர் கொதித்து ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கொள்ளும். அந்த ஆவி வழி தேடும்போது மலையே அதிர்கிறது. ஆகவே களிமண் மலையில் வாயு புதிதாக உண்டாகிறது. மெய்ம்மலையில் முன்னரே கரைந்திருந்தது வெளிப்படுகிறது. இந்த வேறுபாட்டையும் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

தம்பி கேட்ட சாம்பலுக்கு இப்போது வருவோம். அடுப்புச் சாம்பல் என்பது விறகு எரிந்தபின் எஞ்சுவது. எரிமலைச் சாம்பலோ எரிந்து எஞ்சியது அன்று. குழம்பினுள் குமிழிகள் வெடிக்கும்போது அக்குழம்பு பொடிப்பொடியாகச் சிதறி, காற்றில் விரைவாகக் குளிர்ந்து உறைகிறது. அஃது அரைபட்ட பாறை. உடைந்த கண்ணாடித் தூள். உருப்பெருக்கியில் பார்த்தால் கூரிய முனைகள் தெரியும். விமானத்தின் இயந்திரத்துள் புகுந்தால் அவ்வியந்திரம் நின்றுபோதலும் உண்டு. நிலக்கரிச் சாம்பல் எரிதலால் எஞ்சியதே. ஆயினும் அதிலும் கண்ணாடி உண்டு. நிலக்கரியில் கலந்திருக்கும் மண்ணும் கல்லும் உலையின் கடுவெப்பத்தில் உருகி, நுண்ணிய உருண்டைகளாகக் குளிர்கின்றன. வேறு வழிகளில் பிறந்த இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒத்து நடக்கின்றன. சுண்ணாம்பும் நீரும் சேர்ந்தால் இரண்டுமே கல்லாக இறுகும். இத்தாலியில் வெசூவியஸ் மலைக்கு அண்மையிலுள்ள பொசுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தே பண்டை உரோமர் கடலுக்குள் துறைச்சுவர்களைக் கட்டினர். அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு இன்று செங்கல்லும் சிமெண்டும் செய்கின்றனர். பயன்படாமல் போன சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்து படிந்ததால், மீனும் இறாலும் குறைந்து மீனவர் அல்லற்பட்டதும் உண்டு. சுவரில் சேர வேண்டிய பொருள் ஆற்றில் சேர்ந்தது பெருங்கேடு.

தம்பி இரண்டாம் முறை மலையைப் பொங்கச் செய்யும்போது, நீருக்குப் பதிலாகக் கெட்டியான அரிசிக் கஞ்சியை ஊற்றிப் பார்க்கிறான். இம்முறை நுரை எளிதில் எழுவதில்லை. குமிழிகள் கஞ்சியில் சிக்கிப் பருத்து, 'பொளக்' என்று வெடித்து, துளிகளைத் தெறிக்கின்றன. எரிமலைகளுக்குள் உள்ள பெரும் பிரிவும் இதுவே. நீர்த்த குழம்பிலிருந்து வாயு எளிதில் பிரியும். அக்குழம்பு ஆறுபோல ஓடிப் பரவும். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அவ்வாறு ஓடிய குழம்பு, படலம் படலமாக உறைந்து, இன்றும் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. அசந்தா, எல்லோராக் குகைகள் அந்தக் கரும்பாறையில் குடையப்பட்டவையே. குழம்பு தடித்ததாயின், வாயு வெளியேற இயலாமல் உள்ளேயே திமிறும்; குழம்பே உறைந்து மலைவாயை அடைத்துவிடுவதும் உண்டு. பின்னர் அது வெடிக்கும்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் புட்டியைத் தக்கையால் அடைத்துப் பார்ப்போமா?" என்று கேட்கச் சிறுவர்க்குத் தோன்றும். அதை ஒருபோதும் செய்யலாகாது. ஒரு லிட்டர் வாயு சிறு புட்டியில் அடைபட்டால் தக்கை கண்ணில் பாயலாம், கண்ணாடி சிதறலாம். அடைபட்ட மலை என்ன செய்யும் என்பதை அறிய வரலாறே போதும்.

1883 ஆகஸ்டு 26, 27 ஆகிய நாள்களில், சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே உள்ள கிரகட்டோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்தது. தீவின் பெரும்பகுதி கடலுள் சரிந்து மறைந்தது. வெடியோசை 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொட்ரிக்ஸ் தீவிலும் கேட்டது. தொலைவில் பீரங்கி முழங்குவதாக அங்குள்ளோர் எண்ணினர். எழுந்த பேரலைகள் கரையோர ஊர்களை வாரிச் சென்றன. இறந்தோர் 36,000க்கும் மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது குழம்பன்று, கடல்நீர். அவ்வலைகள் தேய்ந்து வந்து, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடல்மட்டத்தை அளக்கும் கருவிகளில் தம் வரவைக் கோடுகளாகப் பதித்தன. 2004 டிசம்பர் 26 அன்று வடசென்னைக் குப்பங்களில் புகுந்த ஆழிப்பேரலை எரிமலையால் எழுந்ததன்று. அது நிலநடுக்கத்தால் எழுந்தது. எனினும் தட்டு ஒன்றன்கீழ் ஒன்று புதையும் அதே நீண்ட எல்லையில்தான் அந்நடுக்கமும் தோன்றியது. கிரகட்டோவாவும் பாரன் தீவும் அவ்வெல்லையை ஒட்டியே நிற்கின்றன.

கிரகட்டோவா சென்னைக்கு அனுப்பியது அலை மட்டுமன்று. அடுத்த மாதம், 1883 செப்டம்பரில், சென்னை மக்கள் விந்தையான காட்சி ஒன்றைக் கண்டனர். காலையில் கதிரவன் பச்சை நிறத்தோடு எழுந்தான். மாலையிலும் பச்சையாகவே மறைந்தான். இவ்வாறு சில நாள்கள் நிகழ்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராயிருந்த மிச்சி ஸ்மித் அதனை நிறமாலைக் கருவிகொண்டு ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் தலைவரானவர் அவரே. வெடிப்பில் வானளாவ எழுந்த நுண்துகள்கள் காற்றில் மிதந்து வந்து கதிரவனை மறைத்தன. குறிப்பிட்ட அளவுள்ள துகள்கள் செந்நிற ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்து, பச்சையும் நீலமுமாகிய ஒளியை நேரே வரவிடும். 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உடைந்த மலை ஒன்று, இவ்வாறு சென்னை வானத்தில் தன்னை அறிவித்தது.

பள்ளி ஆய்வுக்கூடங்களில் வேறொரு 'எரிமலை'யும் முன்பு வழக்கில் இருந்தது. அம்மோனியம் டைகுரோமேட் என்னும் செம்மஞ்சள் நிறப் பொடியைக் குவித்து, உச்சியில் தீயிடுவர். பொறி பறக்கும்; செந்தணல் ஒளிரும்; பச்சைநிறச் சாம்பல் குவிந்து மலைபோல வளரும். களிமண் மலை அதன்முன் குழந்தை விளையாட்டாகவே தோன்றும். ஆனால் அப்பொடியில் உள்ள குரோமியச் சேர்மம் நஞ்சு; புற்றுநோய் விளைவிப்பது. ஆகவே பள்ளிகள் பலவற்றில் அது கைவிடப்பட்டது. அறிவுக்கும் அது நல்லது செய்யவில்லை. மலைக்குள் ஏதோ ஒரு பொருள் தீப்பற்றி எரிகிறது என்னும் பழைய எண்ணத்தையே அக்காட்சி வலியுறுத்திற்று. கண்ணுக்கு மெய்போல் தோன்றியது கருத்தில் பொய்யாயிற்று. காடியும் சோடாவும் சேர்ந்த ஏழை மலையோ, தொட்டால் குளிரும். ஆனால் வாயுவே தூக்குகிறது என்று சொல்லும்.

மாலையாகிறது. முற்றத்து மலை நாலைந்து முறை பொங்கி ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தம்பி சரிவின்மேல் புதிதாகக் களிமண்ணைப் பூசினான். ஆதலின் காலையில் ஒரு சாண் இருந்த மலை இப்போது சற்று உயர்ந்திருக்கிறது. பாரன் தீவிலும் பெருவாயின் நடுவே எழுந்த உள்மலை, ஒவ்வொரு பொங்கலிலும் விழும் சாம்பலாலும் குழம்பாலும் இவ்வாறே வளர்கிறது.

மறுநாள் வெயிலில் தாம்பாளம் உலர்ந்ததும், அதன் விளிம்பில் வெண்ணிறப் பொருள் ஒன்று படிந்திருக்கக் காண்கின்றனர். நீர் சென்றபின் உப்பு நிற்பதை உப்பளங்களில் கண்ட சிறுவர் அவர்கள். ஆதலின் அதனை இன்னதென அறிய அவர்களுக்கு நெடுநேரம் வேண்டுவதில்லை. அது சோடியம் அசிட்டேட். காடியும் சோடாவும் மாறி விட்டுச்சென்ற உப்பு. பாரன் தீவின் உள்மலை உச்சியில், வாயு கசியும் வெடிப்புகளின் ஓரங்களில் படிவது மஞ்சள்நிறக் கந்தகம். "அதையும் ஒருநாள் கப்பலில் சென்று பார்க்க வேண்டும், அக்கா" என்கிறான் தம்பி. பாட்டியோ, தாம்பாளத்தை நன்றாகத் துலக்கி வைக்குமாறு கூறிவிட்டு உள்ளே செல்கிறாள்.